கோயிலும் குடியிருப்பும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உணவு ஒரு வேளைக்கு உதவும். உடை ஓராண்டோ ஈராண்டோ உழைக்கும். உறையுளோ தலைமுறை தலைமுறையாக நின்று பயன் தரும். இன்று உண்ட உணவு ஒவ்வாததாயின் நாளை வேறு உணவு கொள்ளலாம். தவறாகக் கட்டிய வீட்டை அவ்வாறு மாற்றிக்கொள்ள இயலாது. அதில் வாழ்வோர் நாள்தோறும் அத்தவற்றின் விளைவைத் துய்த்தே தீர்தல் வேண்டும். 'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்' என்னும் பழமொழி, வீடு கட்டுவோன் படும் தொல்லையைக் கூறுகின்றது. அவ்வீட்டில் பின்னர்க் குடியிருக்கப் போகின்றவன் படும் தொல்லையையும் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவனே சிறந்த கட்டடக் கலைஞன் ஆவான்.

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை அடுத்து அமைந்துள்ளது ஓசூர். சந்திரசூடேசுவரர் கோயில் கொண்டுள்ள குன்றின்மேல் நின்று நோக்குவார்க்கு இருவேறு ஊர்கள் ஒருங்கே புலப்படும். ஒன்று, ஓட்டுக் கூரைகளும் திண்ணைகளும் உடைய பழைய ஊர். மற்றொன்று, 1970-களில் தொழிற்பேட்டை தோன்றியபின் அதனைச் சூழ்ந்து வளர்ந்த புதிய ஊர். தொழிற்சாலைகளை நாடித் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், வடமாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். 2019-ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. நேற்றுவரை கொல்லையாய் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு எழுகின்றது. அதன் அருகிலேயே, கட்டடத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் தகரக் கூரையின்கீழ்த் தங்கியிருத்தலும் காணப்படுகின்றது. ஒரு நகரம் விரைந்து வளரும்பொழுது, அதில் யார் யாருக்கு எத்தகைய உறையுள் வாய்க்கும் என்னும் வினா தானே எழுகின்றது.

இவ்வினா ஓசூருக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், நம் நாட்டின் தலைநகரமாகிய புதுதில்லி உருவாகிக் கொண்டிருந்தபொழுதும் இதே வினா எழுந்தது. அந்நகரில் அரை நூற்றாண்டுக்கு அணித்தாக வாழ்ந்து, எளியோர் வழிபடும் தேவாலயத்தையும், செல்வர் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பையும், மாணவர் பயிலும் கல்லூரிகளையும் ஒரே பொருளாகிய செங்கல்லைக் கொண்டு எழுப்பினார் ஒருவர். அவர் பெயர் வால்டர் சைக்ஸ் ஜார்ஜ் என்பது. அவர் கட்டிய கட்டடங்களின் வழியே, நல்ல உறையுளின் இலக்கணம் யாது என்பதை ஒருவாறு அறிந்துகொள்ளலாம்.

வால்டர் ஜார்ஜ் 1881-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டடக்கலை பயின்ற அவர், இளமையில் புதிய கட்டடங்களை எழுப்புவதைக் காட்டிலும் பழைய கட்டடங்களை அளந்து வரைவதிலேயே பெரிதும் ஈடுபட்டார். கிரேக்க நாட்டில் தொல்பொருள் ஆராய்ச்சி செய்துவந்த அறிஞர்களுடன் சேர்ந்து உழைத்தார். பண்டை உரோமப் பேரரசின் கீழைப் பகுதி பைசாந்தியப் பேரரசு என வழங்கியது. கான்ஸ்டாண்டிநோப்பிள் அதன் தலைநகரம். இக்காலத்தில் இசுதான்புல் என வழங்குவதும் அதுவே. அப்பேரரசின் கட்டடக் கலைஞர்கள் செங்கல்லைக் கொண்டு வியத்தகு வளைவுகளையும் குவிமாடங்களையும் எழுப்பியவர்கள். அவர்கள் கட்டிய தேவாலயங்களை நுணுகி ஆராய்வதே ஜார்ஜ் மேற்கொண்ட பணியாகும். இசுதான்புல்லில் உள்ள புனித ஐரீன் ஆலயம் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசனால் எழுப்பப் பெற்றது. எட்டாம் நூற்றாண்டில் நிலநடுக்கத்தால் சிதைவுற்று, மீண்டும் சீர்செய்யப் பெற்றது. அவ்வாலயத்தின் சுவர், தூண், வளைவு, குவிமாடம் ஆகிய அனைத்தையும் அளந்து ஆராய்ந்து ஜார்ஜ் ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

இக்காலத்தில் அவர் ஆற்றிய பணி ஒன்று தனியே குறிக்கத்தக்கது. கிரேக்க நாட்டின் வடபகுதியில் தெசலோனிக்கி என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள புனித தெமெத்ரியுஸ் ஆலயம் மிகப் பழைமையானது. துருக்கியர் ஆட்சியில் அது மசூதியாக இருந்தமையால், சுவர்களில் இருந்த பழைய ஓவியங்கள் காரைப் பூச்சின் உள்ளே மறைந்து கிடந்தன. வண்ணக் கற்சில்லுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்து ஆக்கிய ஓவியங்கள் அவை. 1907-ஆம் ஆண்டில் காரையை அகற்றியபொழுது அவை வெளிப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் அங்குச் சென்று, அவற்றைச் சில்லுக்குச் சில்லு உற்று நோக்கி, வண்ணம் பிழையாது தாளில் வரைந்துகொண்டார். 1917-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் தெசலோனிக்கியில் பெருந்தீ மூண்டது. நகரின் பெரும்பகுதி எரிந்து, ஏறத்தாழ எழுபதாயிரம் மக்கள் வீடிழந்தனர். புனித தெமெத்ரியுஸ் ஆலயமும் தீக்கு இரையாயிற்று. அச்சில்லோவியங்களுள் பல அடியோடு அழிந்தன. அழிந்துபோன அவ்வோவியங்களை இன்று அறிஞர்கள் ஆராய்வதற்குப் பெருந்துணையாக நிற்பன ஜார்ஜ் வரைந்த படங்களே. அவை 1969-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியாளரால் வெளியிடப் பெற்றன. ஒருவர் தமக்குக் கிட்டிய பணியைச் செவ்வனே செய்து வைப்பாராயின், அதன் பயன் எக்காலத்தில் யார்க்குக் கிட்டும் என்பதை அவரே அறியார்.

தெசலோனிக்கி எரிந்த காலத்தில் ஜார்ஜ் தில்லியில் இருந்தார். அவர் அங்கு வந்த காரணம் வருமாறு: 1911-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் தில்லியில் நடைபெற்ற தர்பாரில், இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். பழைய தில்லிக்குத் தெற்கே புதிய நகரம் ஒன்று திட்டமிடப் பெற்றது. இன்று குடியரசுத் தலைவர் மாளிகை எனப்படும் பெருமனையை எட்வின் லட்யன்ஸ் என்பவர் அமைத்தார். அதன் முன்னுள்ள தலைமைச் செயலகக் கட்டடங்களையும், வட்டவடிவான பழைய நாடாளுமன்றக் கட்டடத்தையும் ஹெர்பர்ட் பேக்கர் என்பவர் அமைத்தார். பேக்கருக்குத் துணைவராக 1915-ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்தவரே வால்டர் ஜார்ஜ். பதினாறு ஆண்டுகள் உருண்டன. 1931-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் புதுதில்லி திறந்து வைக்கப் பெற்றது. அதனைக் கட்ட வந்த ஆங்கிலக் கலைஞர்கள் பலர் தம் தாயகம் மீண்டனர். ஜார்ஜ் மட்டும் மீளவில்லை. தனியே தொழில் நடத்தித் தில்லியிலேயே தங்கிவிட்டார்.

ஜார்ஜ் எழுப்பிய தேவாலயத்தின் சிறப்பை உணர்வதற்கு, செங்கல்லின் இயல்பை முதலில் அறிதல் நலம். செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஒரு செங்கல்லின்மேல் மற்றொரு செங்கல்லாக அடுக்கிக்கொண்டு போனால், கீழேயுள்ள செங்கல் மேலுள்ளவற்றின் எடை முழுவதையும் அசையாது சுமக்கும். ஆனால் இரண்டு சுவர்களுக்கு இடையே செங்கற்களைப் படுக்கையாக இணைத்து உத்திரம்போல் வைத்தால், அதன் அடிப்புறம் இழுபட்டு விரிந்து உடையும். அவ்வாறாயின், செங்கல்லைக் கொண்டு வாயிலையும் கூடத்தையும் அமைப்பது எங்ஙனம்? அதற்கு விடையாகப் பண்டையோர் கண்டதே வளைவு.

மரத்தால் ஆகிய அரைவட்டச் சட்டம் ஒன்றை வாயிலின் நடுவே நிறுத்தி, அதன்மேல் இருபுறத்தினின்றும் செங்கற்களைச் சாய்வாக அடுக்கிக்கொண்டே வருவர். இரு வரிசைகளும் உச்சியில் சந்திக்கும் இடத்தில் இறுதிக் கல்லை இறுக வைப்பர். சாந்து இறுகியபின் மரச்சட்டத்தை அகற்றிவிட்டால் வளைவு தானே நிற்கும். மேலிருந்து வரும் எடை ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லின்மேல் அழுத்துகின்றது. விழ முயலும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஒன்றையொன்று விழாமல் காக்கின்றன. வளைவு தன் இருபுறங்களையும் வெளிநோக்கி உதைக்கும் இயல்பினது. அவ்வுதைப்பைத் தாங்குதற்குப் பருத்த சுவரேனும் அடுத்தொரு வளைவேனும் வேண்டும். இதனாலேயே வளைவுகள் வரிசையாக அமைகின்றன. ஒன்றன் உதைப்பை மற்றொன்று ஏற்கின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் புனித ஐரீன் ஆலயத்தைக் கட்டிய கொத்தரும், இன்று ஓசூர்ப் பக்கத்தில் வளைவு கட்டும் கொத்தனாரும் இவ்வொரு விதிக்கே கட்டுப்பட்டவர்கள்.

புதுதில்லி உருவாகிய காலத்தில் அங்குக் கிறித்தவத் தேவாலயங்கள் சில எழுந்தன. அவற்றுள் மூன்றை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். முதலாவது, அரசப் பிரதிநிதியின் மாளிகைக்கு அணித்தாக ஹென்றி மெட் என்பவர் அமைத்த மீட்பின் பேராலயம். அரசப் பிரதிநிதியும் உயர் அலுவலரும் வழிபடுவதற்கென அமைந்த அது, மாளிகைக்கு ஏற்ற பெருமிதத்தோடு கல்லால் பொலிகின்றது. இரண்டாவது, படைவீரர்களுக்கெனப் பாசறைப் பகுதியில் ஆர்தர் ஷூஸ்மித் என்பவர் அமைத்த புனித மார்ட்டின் ஆலயம். ஏறத்தாழ 35 இலட்சம் செங்கற்களைக் கொண்டது அது. அலங்காரம் சிறிதும் இன்றிக் கோட்டைபோல் உயர்ந்து நிற்கும் அதன் சுவர்களைக் கட்டடக்கலை வல்லார் உலகெங்கும் போற்றுகின்றனர். கல்லை விடுத்துச் செங்கல்லையே கையாளுமாறு ஷூஸ்மித்துக்கு எழுதி ஊக்கியவர், அவருடைய தலைவராகிய லட்யன்ஸ் ஆவார்.

மூன்றாவது ஆலயமே வால்டர் ஜார்ஜ் அமைத்தது. அது புனித தோமையார் ஆலயம். அந்நாளில் ரீடிங் சாலை எனப்பட்டு, இந்நாளில் மந்திர் மார்க் என வழங்கும் தெருவில் 1930 முதல் 1932 வரை அது கட்டப் பெற்றது. துப்புரவு முதலிய தொழில்களைச் செய்து வாழ்ந்த எளிய இந்தியக் கிறித்தவர்களுக்காக எழுந்த ஆலயம் அது. அரசப் பிரதிநிதிக்கு ஓர் ஆலயம், படைவீரர்க்கு ஓர் ஆலயம் என வகுத்த நகரில், தெருக்களைத் தூய்மை செய்தோர்க்கும் ஓர் ஆலயம் வேண்டியிருந்தது. அதனைச் செங்கல்லால் கட்டினார் ஜார்ஜ். சுவரும் செங்கல், வளைவும் செங்கல். விலைமிக்க அணிகளை அவர் நாடவில்லை. ஆயினும் எளியோர்க்கு எதுவாயினும் போதும் என்று எண்ணி ஏனோதானோ எனக் கட்டவும் இல்லை. பைசாந்தியப் பேரரசர் எழுப்பிய ஆலயங்களில் தாம் கற்ற கலையை, தில்லி மாநகரின் மிக எளிய மக்களுக்குப் பயன்படுத்தினார். பொருள் மலிவானதாயினும், அதனைக் கையாளும் அறிவும் அக்கறையும் மலிவாயிருத்தல் கூடாது என்பதற்கு அவ்வாலயம் சான்றாய் நிற்கின்றது.

அத்தெருவின் வரலாறு மேலும் சிறப்புடையது. 1939-ஆம் ஆண்டில் அங்கு எழுந்த இலட்சுமி நாராயணர் கோயிலைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். எல்லாச் சாதியினரும் உள்ளே சென்று வழிபட இடமளித்தல் வேண்டும் என்பதே அவர் விதித்த கட்டளை. அதே தெருவில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பும், அதனுள் வால்மீகி கோயிலும் இருந்தன. 1946, 1947-ஆம் ஆண்டுகளில், நாட்டின் விடுதலை குறித்த பேச்சுகள் தில்லியில் நிகழ்ந்தபொழுது, காந்தியடிகள் அக்குடியிருப்பிலே பல நாள் தங்கியிருந்தார். நாட்டின் தலைவர்களும் வெளிநாட்டாரும் அவரைக் காண்பதற்கு அங்கே சென்றனர். நகரைத் தூய்மை செய்வோரின் வாழிடத்தை ஒரு நாடே திரும்பிப் பார்க்குமாறு செய்தார் அவர். ஜார்ஜின் ஆலயமும் காந்தியடிகளின் தங்கலும் வேறு வேறு நோக்குடையன. ஆனால் 'இம்மக்கள் எங்கு வாழ்கின்றனர், எங்கு வழிபடுகின்றனர்?' என்னும் கேள்வி இரண்டிற்கும் பொது.

தேவாலயத்தை அடுத்து, நகர வாழ்வுக்கு வேண்டிய பிற கட்டடங்களையும் ஜார்ஜ் எழுப்பினார். கன்னாட் பிளேசில் உள்ள ரீகல் திரையரங்கு 1932-ஆம் ஆண்டில் திறக்கப் பெற்றது. எண்பத்தைந்து ஆண்டுகள் நடைபெற்று 2017-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. புனித ஸ்டீபன் கல்லூரியின் இன்றைய கட்டடத்திற்கு, காந்தியடிகளின் நண்பரான சி. எப். ஆண்ட்ரூஸ் 1939-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினார். 1941-ஆம் ஆண்டில் கல்லூரி அங்குக் குடிபுகுந்தது. 1948-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்ற மிராண்டா மாளிகை என்னும் பெண்கள் கல்லூரியும் ஜார்ஜின் கைவண்ணமே. இவ்விரு கல்லூரிகளிலும் சுவர்கள் காரை பூசப்படாமல் செந்நிறச் செங்கல்லாகவே காட்சி தருகின்றன. காரை பூசிய சுவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்தல் வேண்டும். நன்கு சுட்ட செங்கல்லை நேர்த்தியாக அடுக்கிவிட்டால், அதற்குப் பூச்சும் வேண்டா, வண்ணமும் வேண்டா. ஆனால் பூச்சில்லாத சுவரில் கொத்தனாரின் பிழை எதுவும் மறையாது. ஒவ்வொரு வரியும் வெளியே தெரியும். ஆகவே, அத்தகைய சுவர் கட்டுவோரின் நேர்மைக்கு ஓர் உரைகல் எனலாம்.

இனி, அடுக்குமாடிக் குடியிருப்பைக் குறித்து ஆராயலாம். பல குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வாழும் முறை புதியதன்று. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, உரோம் நகரிலும் அதன் துறைமுகமாகிய ஓஸ்டியாவிலும் செங்கல்லால் ஆகிய பல மாடிக் குடியிருப்புகள் இருந்தன. ஓஸ்டியாவில் அவற்றின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. நம் நாட்டில் பம்பாய் போன்ற நெருக்கமான நகரங்களில் இம்முறை முன்னரே பரவியது. ஆனால் புதுதில்லியோ அகன்ற தோட்டங்களின் நடுவே தனித்தனி மனைகள் அமைந்த நகரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கு அலுவலர் தொகை பெருகியது. தனி மனைகள் போதவில்லை. அப்பொழுது, புதுதில்லியின் பல கட்டடங்களைக் கட்டிய ஒப்பந்தக்காரராகிய சர் சோபா சிங் என்பவர், தம் தந்தையார் சுஜான் சிங்கின் பெயரால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எழுப்ப விரும்பினார். அதனை வரைந்து அமைக்கும் பொறுப்பு ஜார்ஜிடம் ஒப்படைக்கப் பெற்றது. 1945-ஆம் ஆண்டில் எழுந்த அச்சுஜான் சிங் பூங்காவே புதுதில்லியின் முதல் அடுக்குமாடிக் குடியிருப்பு என்பர். எழுத்தாளர் குஷ்வந்த் சிங் 2014-ஆம் ஆண்டில் மறையும் வரை வாழ்ந்தது அங்கேதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பை அமைப்போர்க்குத் தனி வீட்டில் இல்லாத இடர்ப்பாடுகள் பல உண்டு. தனி வீட்டிற்கு நான்கு புறமும் வெளி உண்டு. அடுக்குமாடியில் ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டின் சுவராகும். ஒருபுறம் மட்டும் சாளரம் இருந்தால் காற்று உள்ளே புகும்; ஆனால் வெளியேற வழியின்றித் தேங்கும். எதிரெதிர்ப் புறங்களில் சாளரம் இருந்தாலன்றி வீட்டினுள் காற்றோட்டம் நிகழாது. மேலும், மண்ணில் கால் வையாது மேல்மாடியில் வாழும் சிறுவர்க்கு விளையாட வெளியிடம் வேண்டும். நெருங்கி வாழ்வோர் ஒருவரையொருவர் கண்டு அளவளாவ இடம் வேண்டும். காணாது தனித்திருக்கவும் இடம் வேண்டும். சுஜான் சிங் பூங்காவில் கட்டடங்கள் வானளாவ உயரவில்லை. சில மாடிகளோடு நின்றன. அவற்றின் நடுவே அகன்ற புல்வெளிகள் விடப்பட்டன. செங்கற் சுவர்களில் உயர்ந்த வளைவு வாயில்கள் அமைந்தன. நிலத்தை முழுதும் கட்டடத்தால் மூடிவிடாது வெளியை விட்டுவைத்ததே அக்குடியிருப்பின் தலையாய சிறப்பு எனலாம்.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அக்குடியிருப்பு வசதி படைத்தோர்க்கு உரியது. அதன் ஒரு பகுதியில் பணியாளர் தங்குவதற்கெனத் தனிச் சிற்றறைகளும் கட்டப் பெற்றன. அக்கால வழக்கம் அது. செங்கல் ஒன்றே, கட்டியவர் ஒருவரே, ஆயினும் அங்கு வாழ்ந்தோர்க்குக் கிட்டிய இடம் ஒன்றன்று. புனித தோமையார் ஆலயத்தில் எளியோர்க்கெனத் தம் கலை முழுவதையும் ஈந்த அதே கலைஞர், இங்குத் தம்மை அமர்த்தியவர் வேண்டியவாறு பெரிய வீட்டையும் சிறிய அறையையும் வகுத்தமைத்தார். கட்டடக் கலைஞர் எத்துணை வல்லவராயினும், ஒரு நகரத்தில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதை அவர் தனியே முடிவு செய்வதில்லை. அதனைச் சமுதாயமே முடிவு செய்கின்றது. கலைஞரின் கட்டடம் அம்முடிவைப் பிழையின்றிக் காட்டும் கண்ணாடியாகின்றது.

ஜார்ஜ் தம் பிற்காலத்தில் வெயிலைக் குறித்து மிகுதியும் எண்ணினார். 1950-களின் தொடக்கத்தில் அவர் புதுதில்லியில் அமைத்த காசநோய்ச் சங்கக் கட்டடத்தில், வெளியே நீண்ட வெயில்மறைப்புகளே முகப்பின் அழகாக அமைந்துள்ளன. கொத்தனார்கள் சன்ஷேடு என வழங்கும் அம்மறைப்பின் பயனைச் சிறு கணக்கால் விளக்கலாம். தில்லியில் சூன் திங்கள் 21-ஆம் நாள் நண்பகலில் கதிரவன் தெற்கு வானில் ஏறத்தாழ 85 பாகை உயரத்தில், அஃதாவது தலைக்கு நேரே சிறிது விலகி நிற்கும். அப்பொழுது தெற்குச் சுவரில் இரண்டடி நீண்ட மறைப்பு இருந்தால், அதன் நிழல் இருபதடிக்கு மேலும் கீழிறங்கிச் சுவர் முழுவதையும் மூடிவிடும். டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாளிலோ கதிரவன் 38 பாகை உயரமே ஏறும். அதே மறைப்பின் நிழல் ஒன்றரை அடியே இறங்கும். இளவெயில் சாளரத்தின் வழியே அறையினுள் பாயும். தில்லியில் கோடை கொடியது; குளிரும் கொடியது. கோடையில் வெயிலைத் தடுத்துக் குளிர்காலத்தில் வெயிலை வரவேற்கும் அவ்விரண்டடி மறைப்புக்கு மின்சாரச் செலவு ஏதும் இல்லை.

இக்கணக்கை ஓசூருக்கு அப்படியே கொண்டு வருதல் கூடாது. ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தில்லியைப்போல் கொடுங்கோடை இல்லை. அன்றியும், அது நிலநடுக்கோட்டுக்கு மிக அணித்தாக உள்ளது. ஆதலின் சூன் திங்களில் நண்பகற் கதிரவன் ஓசூருக்கு வடக்கே, ஏறத்தாழ 79 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரில் தெற்கே 54 பாகை உயரத்தில் நிற்கும். தில்லியில் தெற்குச் சாளரத்துக்கு மறைப்பிட்டால் நண்பகல் வெயில் தணியும். ஓசூரிலோ வடக்குச் சாளரத்திற்கும் தெற்குச் சாளரத்திற்கும் மறைப்பு வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் வரும் தாழ்ந்த வெயிலை எவ்வூரிலும் மேல்மறைப்பு தடுக்காது. அதற்குத் தாழ்வாரமோ மரநிழலோ தேவை. இன்றேல் அப்புறங்களில் சாளரத்தைச் சுருக்குதல் நன்று. மாணவர் ஒருவர் தம் வகுப்பறைச் சாளரத்தின் நிழலைச் சூனிலும் டிசம்பரிலும் நண்பகலில் அளந்து பார்த்தாலே இவ்வுண்மை விளங்கும்.

சுவரின் கனத்திற்கும் இதில் பங்கு உண்டு. பருத்த செங்கற் சுவரின் வெளிப்புறத்தில் நண்பகலில் படும் வெப்பம், உட்புறத்தை அடையப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் மாலை வந்துவிடும். சாளரத்தைத் திறந்துவைத்தால் குளிர்காற்று வெப்பத்தை வெளியேற்றிவிடும். மெல்லிய தகரத்திற்கு அத்தகைய பொறுமை இல்லை. வெயில் பட்டவுடனே அதன்கீழுள்ளோரைச் சுடும். அகன்ற கண்ணாடிச் சுவரோ வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே விடாது தேக்கும். அவ்வெப்பத்தைத் தணிக்கப் பொறி வேண்டும்; பொறிக்கு மின்சாரம் வேண்டும்; மின்சாரத்திற்குப் பணம் வேண்டும். பணம் உள்ளவர் கண்ணாடிக்குள் குளிர்ந்திருப்பர். இல்லாதவர் தகரத்தின்கீழ் வெந்திருப்பர். செங்கல்லையும் நிழலையும் காற்றையும் அறிந்து கட்டிய வீடோ இருவர்க்கும் ஒருபடித்தாய்க் குளிர்ச்சி தரும்.

இதனால் எங்கும் செங்கல்லையே கையாளுதல் வேண்டும் என்பது கருத்தன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. அங்குக் கல் ஏற்ற பொருளாகலாம். மலையில் மரமும், கடற்கரையில் ஓலையும் ஏற்றவையாகலாம். அருகில் கிடைப்பது எது, அங்கு அடிக்கும் வெயில் எத்தகையது, அங்கு வாழப் போகின்றவர் யார் என்னும் மூன்றையும் எண்ணிப் பொருளைத் தேர்தலே கட்டடக் கலையின் முதற்படி. தில்லியில் இம்மூன்றையும் எண்ணியபொழுது ஜார்ஜுக்குச் செங்கல் கிடைத்தது.

1947-ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபின்னும் ஜார்ஜ் இந்தியாவைவிட்டு நீங்கவில்லை. விடுதலை பெற்ற நாட்டிலும் தம் தொழிலைத் தொடர்ந்து செய்து, 1962-ஆம் ஆண்டில் மறைந்தார். லட்யன்ஸ், பேக்கர் ஆகியோரின் பெயர்களைப்போல் அவர் பெயர் பரவலாக அறியப்படவில்லை. ஆயினும் மந்திர் மார்க்கில் ஞாயிறுதோறும் ஆலயமணி கேட்டு மக்கள் கூடுகின்றனர். கல்லூரித் தாழ்வாரங்களில் மாணவர் நடந்து செல்கின்றனர். சுஜான் சிங் பூங்காவின் புல்வெளியில் மாலைதோறும் நிழல் நீள்கின்றது. அவரை அறியாதவர்களே அவர் கட்டடங்களில் இனிது வாழ்கின்றனர்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இனி எழவிருக்கும் கட்டடங்கள் பல. அவற்றுள் சில தொழிலாளர் இல்லங்கள். சில அடுக்குமாடிக் குடியிருப்புகள். சில கோயில்களும் தேவாலயங்களும் மசூதிகளும் பள்ளிகளும் ஆகலாம். அவற்றை வரைந்து எழுப்பப் போகின்றவர்களுள் சிலர் இன்று பள்ளியில் பயிலும் மாணவராயிருத்தலும் கூடும். கதிரவன் எத்திசையில் நிற்கின்றான், காற்று எவ்வழி வருகின்றது, அவ்வீட்டின் மிகச் சிறிய அறையில் துயிலப் போகின்றவர் யார் என்னும் வினாக்களை அவர்கள் முதற்கல் வைக்குமுன்னரே எழுப்புதல் வேண்டும். முதலிரண்டு வினாக்களுக்கும் கணக்கு விடை தரும். மூன்றாவதற்கு விடை தர வேண்டியது நெஞ்சமே.